பதினோரு நிமிடச் சாப்பாடு

பேருந்து பணிமனையில் அவரை எல்லோரும் டெக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப் பட்டம் டபுள் டெக்கர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. பொருந்தவில்லை என்றும் ஒருவர் சொன்னதில்லை. ஓட்டுநர் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினாலும் ஸ்டீயரிங்கின் அடிவளைவு அவர் வயிற்றில் உரசிக்கொண்டே வரும். சட்டையில் அந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு கறை. மனைவி அதை ஊறவைத்து, தேய்த்து, கடைசியில் கைகழுவிவிட்டாள்.

ஆள்தான் பெரியவர், வண்டி ஓட்டுவதில் கை பூ மாதிரி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பக்கக் கண்ணாடிகூட உடைந்ததில்லை. அந்த நல்ல பெயருக்கும் அனுபவத்துக்கும் பரிசாகத்தான் ஏழாம் எண் வண்டி அவருக்குக் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையம்வரை குண்டும் குழியும் இல்லாத நேர்ச்சாலை. ஏழாம் எண்ணுக்காக அடித்துக்கொள்ளாத டிரைவர் அந்தப் பணிமனையில் இல்லை.

அதில் ஒரே ஒரு குறை, மதியச் சாப்பாட்டு நேரம் பதினோரு நிமிடம். டெக்கருக்கு அது குறையாகவே பட்டதில்லை. கழிப்பறைக்கு இரண்டு நிமிடம், கையெழுத்துக்கு ஒரு நிமிடம், சாப்பாட்டுக்கு நான்கு நிமிடம், மிச்சம் நான்கு நிமிடத்தில் கண்ணை மூடி ஒரு குட்டித் தூக்கம். மூன்றடுக்கு டப்பா திறக்கும் சத்தம் கேட்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் மூடும் சத்தமும் கேட்கும்.

"கொஞ்சம் மென்னுதான் தின்னுங்களேண்ணே" என்பாள் அவருடைய வண்டியின் கண்டக்டர். வாயாடி, டிக்கெட் எடுக்காதவனைக்கூடச் சிரிக்க வைத்தே எடுக்க வைத்துவிடுவாள்.

"பல்லு பாக்குற வேலையையும் சேத்து வயிறு பாத்துக்கும்மா. எனக்கு வயித்து மேல நம்பிக்கை ஜாஸ்தி."

அந்த நம்பிக்கைக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் வேட்டு விழுந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். குறட்டையைக் கேட்டு டாக்டரே எழுந்து வெளியே வந்து, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்தாராம். உள்ளே கூட்டிப்போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷம் கையெழுத்துப் போட்டுடறேன். அடுத்த வருஷம் இதே உடம்போட வந்தா போடமாட்டேன். உக்காந்த இடத்துல தூங்கறவர்கிட்ட அறுபது பேரை எப்படி ஒப்படைக்கிறது?"

டெக்கர் நடந்து பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். ஐந்து கிலோ இறங்கினால் ஏழு கிலோ ஏறியது. கடைசியில் மனைவியும் அவரும் யோசித்து யோசித்து, இரண்டு டாக்டர்களிடம் கேட்டு, வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்கள். பெரிய பை மாதிரி இருந்ததில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவில் தைத்து அனுப்பினார்கள்.

முதல் இரண்டு வாரம் வெறும் தண்ணீர்ச் சாப்பாடு. மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டாள். மருந்து பாட்டிலோடு வந்த குட்டிக் கிண்ணத்தில் சூப்பை அளந்து, கால் மணிக்கு ஒரு தடவை கொடுத்தாள். அப்புறம் குழைத்தது, அப்புறம் மசித்தது. வீட்டிலிருந்தவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. மூன்று மாதத்தில் இருபத்தாறு கிலோ இறங்கியது. வேலைக்குத் திரும்பிய அன்று ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. டெக்கர் அதில் கையை விட்டு விட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது? மினி பஸ்னா?" என்றாள் கண்டக்டர்.

"பேர் இருந்துட்டுப் போகட்டும். மாடியைத்தானே இடிச்சாங்க, வண்டி அதேதான்."

வண்டி அதேதான் என்பதுதான் வம்பாகப் போயிற்று. வெட்டியது வயிற்றை, பழக்கத்தை இல்லையே. வேலைக்கு வந்த மூன்றாம் நாள் ரயில் நிலையத்தில் டப்பாவைத் திறந்தார். ஒரு அவித்த முட்டை, ஒரு துண்டு ரொட்டி. இத்தனூண்டுதானே என்று பாதி முட்டையை அப்படியே வாயில் போட்டு, ரொட்டியையும் கூடத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் நெஞ்சுக்கு நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலி. வாயில் எச்சில் ஊற்றெடுத்தது. விழுங்கினால் இறங்கவில்லை, மேலேயே வந்தது. நுரை நுரையாக.

அந்த நிலையிலும் அவர் கை தப்பவில்லை. ஓர விளக்கைப் போட்டு, வண்டியை ஒதுக்கி, பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கினார். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு வந்திருக்கான் பாருங்க" என்றார் ஜன்னலோரம் இருந்த ஒருவர்.

"நெஞ்சு வலி போல. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

இன்னொரு அம்மாள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அடைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குடித்தால் இன்னும் மோசமாகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? டெக்கர் பேச முடியாமல் கையை ஆட்டினார். கண்டக்டர் குறுக்கே வந்து நின்றாள்.

"யாரும் பயப்படாதீங்க. குடியும் இல்ல, நெஞ்சு வலியும் இல்ல. முட்டை. பாதி முட்டை. அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடும், எல்லாரும் உக்காருங்க."

சொன்னபடியே வந்தது. அறுபது பேருக்கு முன்னால் பாதி முட்டையிடம் தோற்றுப்போன மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கேலியா, ஆறுதலா என்று தெரியவில்லை. அவருக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது.

அன்றிலிருந்து வேலை நேரத்தில் அவர் எதையும் வாயில் வைக்கவில்லை. வண்டி ஓட்டும்போது மறுபடியும் அப்படி ஆகிவிட்டால்? அந்தப் பயம் பசியைவிடப் பெரிதாக இருந்தது. இதை மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அவள் காலையில் எழுந்து கிராம் கணக்கில் நிறுத்து வைத்த சாப்பாட்டைத் தினமும் கண்டக்டரிடம் நீட்டினார். "பசிக்கலைம்மா, நீ சாப்பிடு" என்றார். காலி டப்பா வீட்டுக்குப் போயிற்று. மனைவிக்குப் பரம திருப்தி.

ஆனால் உடம்பு பொய் சொல்லாதே. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. மாலையில் வீட்டுப் படி ஏறும்போது கண் இருட்டியது. "ஆபரேஷன் பண்ணின புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று அவரே டாக்டராகிப் பதில் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் குட்டு உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் வீட்டுக்கே போன் செய்தாள்.

"அக்கா, அந்த மீனை மசிச்சு உருளைக்கிழங்கோட என்னமோ பண்றீங்களே, அது எப்படிக்கா? நானும் செஞ்சு பாக்குறேன், உங்க பக்குவம் வரமாட்டேங்குது."

"அது அவரோட சாப்பாடாச்சே. உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவள் வாயடைத்துப் போனாலே விஷயம் விளங்கிவிடும். மீதியையும் அவளிடமிருந்து கறந்த பிறகு, மனைவி போனை வைத்துவிட்டு கூடத்துக்கு வந்தாள். டெக்கர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். உடம்பு பாதியானதில் ஒரு வசதி, இப்போது ஒளிய முடிகிறது.

"மூணு வாரமா யாருக்குச் சமைச்சேன் நானு?"

"கோவிச்சுக்காதே. அவளும் உழைக்கிற பொண்ணு..."

"அவ ரெண்டு கிலோ கூடியிருக்காளாம், அவளே சொன்னா. நீங்க என் கண்ணு முன்னாடி கரைஞ்சுக்கிட்டு இருக்கீங்க. என்னங்க இது, என்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?" திட்ட ஆரம்பித்தவள் குரல் நடுவிலேயே உடைந்துபோயிற்று. அப்போதுதான் அவர் பாதி முட்டைக் கதையைச் சொன்னார். நுரை, கம்பம், கைதட்டல் எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். "வெளிய வந்துடும்னா சொன்னா? அந்த வாய் இருக்கே அவளுக்கு!"

மறுநாளே ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஆலோசகர் ஒல்லியான, நிதானமான பெண்மணி. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சத்துக் குறைச்சல் அதில் தெரிந்துவிடும் என்றார். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் தயிரைப் போட்டு, தேநீர்க் கரண்டியோடு அவர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க சார். நான் சும்மா பாக்குறேன்."

டெக்கர் சாப்பிட்டார். கரண்டி மேலும் கீழும் போனது. ஆறாவது வாயில் ஒரு தும்மல். ஏழாவதில் இன்னொரு தும்மல். எட்டாவதை எடுக்கும்போது ஆலோசகர் அவர் கையைத் தடுத்தார்.

"ஒரு நிமிஷமும் பத்து செகண்டும் ஆச்சு. எதுக்குத் தும்மினீங்க தெரியுமா?"

"ஏசி ஒத்துக்கலை மேடம்."

"ஏசி ஓடவே இல்லை. வயிறு ரொம்பிடுச்சுன்னு சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கு ஒழுகும். உங்களுக்குத் தும்மல். முதல் தும்மல் வந்ததும் கரண்டியைக் கீழ வெச்சிடணும். ரெண்டாவதுக்குக் காத்திருக்கக் கூடாது."

இத்தனை நாள் தூசி என்று நினைத்துக்கொண்டிருந்தாராம் அவர்! ஆலோசகர் விரல்விட்டுச் சொன்னார். வாய்க்குச் சுண்டுவிரல் நகம் அளவு, அதைக் கூழாகும்வரை மெல்ல வேண்டும். முட்டையும் மீனும் முதலில், ரொட்டி கடைசியில், அதுவும் இடம் இருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். "நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு பெரியவங்க சொன்னது உங்களை மாதிரி ஆளைப் பாத்துத்தான். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்க."

"எனக்கு இருக்கிறதே பதினோரு நிமிஷம் மேடம்."

"அப்போ அதைத்தான் மாத்தணும்" என்றார் அவர். வயிற்றை மாற்றிக்கொண்ட மனிதருக்கு இது மலைப்பாக இருந்தது.

அதை மாற்றுவதற்குள் இன்னொரு கண்டம் காத்திருந்தது. டெக்கரின் அக்கா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் மூன்று தம்பிகளையும் ஆளாக்கியது அவள்தான், டெக்கர் கடைக்குட்டி. தம்பியை ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக வீட்டுக்கு அழைத்திருந்தாள். மேஜை நிறையச் சாப்பாடு. டெக்கர் நான்கு கரண்டி கோழிக்கறியை மென்று மென்று சாப்பிட்டு, ஒரு தும்மல் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவ்வளவுதானா?"

"போதும்க்கா. வயிறு ரொம்பிடுச்சு."

"பூனை நக்கிட்டுப் போற மாதிரி! என் கைச்சமையல் கசக்குதாடா உனக்கு? காலைல அஞ்சு மணிக்கு எழுந்தவடா நான். எனக்காக ஒரே ஒரு வாய்."

மனைவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஆனால் அக்கா "எனக்காக" என்று சொன்ன பிறகு மறுத்துப் பழக்கமில்லை அவருக்கு. ஒரு வாய் வாங்கிக்கொண்டார். அடுத்த நிமிடம் குளியலறைக்கு ஓடினார்.

உள்ளே கேட்ட சத்தத்தில் அக்கா ஆடிப்போய்விட்டாள். கதவுக்கு வெளியே நின்று, "தம்பி, தம்பி" என்று கதவைத் தட்டவும் பயந்து தடவிக்கொண்டிருந்தாள். கால் மணி கழித்து வெளுத்த முகத்தோடு வெளியே வந்தவரை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"நீ ஏண்டா இப்படி விழுங்கறேன்னு உன் பொண்டாட்டி எப்பவும் கேப்பாளே, அதுக்குக் காரணம் நான்தான்" என்றாள். "நாலு பேருக்கு ஒரு பாத்திரம். பெரியவனுங்க ரெண்டு பேரும் அள்ளிட்டுப் போயிடுவானுங்க. நீ ஒரு வாயை வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு இருப்பே. உனக்கு மிஞ்சாதேன்னு 'சீக்கிரம் முழுங்கு, சீக்கிரம் முழுங்கு'ன்னு தொடையில தட்டித் தட்டி ஊட்டினவ நான்தான். நாப்பத்தாறு வயசாகியும் இன்னும் முழுங்கிட்டே இருக்கியேடா."

டெக்கருக்கு அது நினைவே இல்லை. ஆனால் அவள் சொன்னபோது தொடையில் அந்தத் தட்டு விழுந்தாற்போல் இருந்தது.

"அதனால என்னக்கா. நீ தட்டலைன்னா நான் நோஞ்சானா இருந்திருப்பேன். டபுள் டெக்கர்னு ஒரு பட்டம் கிடைச்சிருக்குமா?"

அக்கா சிரித்தாள், தலையில் ஒரு குட்டும் வைத்தாள். அடுத்த ஞாயிறு அவளே வந்தாள், கடையில் தேடி வாங்கிய இரண்டு காபித் தட்டுகளோடு. ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு. "எனக்கும் சர்க்கரை இருக்கு, நானும் இதுலயே சாப்பிடறேன்" என்றாள். அவர் வாயில் போட்டதும், இவள் எதிர்வீட்டுச் சண்டையைச் சொல்ல ஆரம்பிப்பாள். கதை ஒரு கட்டத்துக்கு வரும்வரை அவர் மென்றாக வேண்டும். சுவாரசியமான இடத்தில் அவர் அவசரமாக விழுங்கப் போனால், "மெதுவா, மெதுவாடா. சண்டை இன்னும் முடியல" என்பாள்.

வீட்டுச் சாப்பாடு வழிக்கு வந்துவிட்டது. வேலைச் சாப்பாடுதான் பாக்கி. டெக்கர் ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பணிமனை மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், எனக்கு ஏழாம் நம்பர் வேண்டாம். முப்பத்தொண்ணு குடுங்க."

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முப்பத்தொன்று ஊருக்கு வெளியே கல்குவாரி மேட்டுக்குப் போகிற வண்டி. பாதி வழி தூசி, மீதி வழி பள்ளம். தண்டனையாகத்தான் அதில் ஆளைப் போடுவார்கள்.

"யாராவது மிரட்டினாங்களாய்யா?"

"இல்ல சார். அங்க மத்தியானம் குவாரி ஷிப்டு விடறவரைக்கும் வண்டி நாப்பது நிமிஷம் நிக்குது. எனக்குச் சாப்பிட நேரம் வேணும்."

"பதினெட்டு வருஷம் காத்திருந்து வாங்கின ரூட்டைச் சோத்துக்காகவா விடறே?"

"முந்தி சோத்தை விட்டேன் சார், ரூட்டுக்காக. ரெண்டும் பாத்தாச்சு."

மேலாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தன் தொப்பையைத் தடவியபடி குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப வலிக்குமாய்யா அந்த ஆபரேஷன்?"

"ஆபரேஷன் வலிக்கல சார். அதுக்கப்புறம் மெல்றதுதான் கஷ்டம்" என்றார் டெக்கர். அரை மணி நேரம் பேசினார்கள். வெளியே வரும்போது முப்பத்தொன்று கையில் இருந்தது. ஏழாம் எண்ணுக்கு அன்று மாலைக்குள் ஒன்பது பேர் மனுப் போட்டார்கள்.

கண்டக்டரும் கூடவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். "ஏழுல வர்ற புது டிரைவர் சிரிக்கவே மாட்டேங்கறார்ணே" என்று காரணம் சொன்னாள்.

குவாரி மேட்டில் ஒரு தகரக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு, அவ்வளவுதான். முதல் நாள் டெக்கர் டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டையைக் கரண்டியால் மசித்தார். ஒரு வாய். மென்றார். எதிரே வெட்டிவைத்த பாறைகளை எண்ணினார். இன்னொரு வாய். பக்கத்தில் கண்டக்டர் தன் சொந்த டப்பாவை எப்போதோ முடித்துவிட்டு, வாயைத் திறந்தால் அவருக்குச் சிரித்துப் புரையேறிவிடுமோ என்று பிறந்ததிலிருந்து முதல்முறையாக மௌனமாக இருந்தாள். முப்பத்திரண்டாவது நிமிடம் டப்பா காலி. தும்மல் இல்லை, வலி இல்லை. எழுந்து பத்தடி நடந்து பார்த்தார். எதுவும் மேலே வரவில்லை.

"என்னண்ணே, இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சும்மா. எல்லாரும் இறங்கியாச்சு, வண்டி காலி."

அவள் போட்ட சத்தத்தில் குவாரிக் காவலாளி குச்சியோடு ஓடி வந்தார்.

அதற்காக எல்லா நாளும் அப்படி நடந்துவிடவில்லை. பழச்சாறு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, நெஞ்சு படபடத்து வியர்த்து ஒரு மணி நேரம் சோபாவில் கிடந்த நாளும் உண்டு. காய்ந்த கோழித் துண்டு இன்றும் அவருக்கு ஜென்மப் பகை. சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். ஆனாலும் நான்கு மாதத்தில் முடி கொட்டுவது நின்றது, படியேறினால் கண் இருட்டவில்லை. அடுத்த வருடப் பரிசோதனையில் டாக்டர் எடைக் கருவியை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதம் கைக்கு வந்த மதியம், மனைவியைக் கண்ணாடிக் கடையிலிருந்து அழைத்துக்கொண்டு ஓர் உணவகத்துக்குப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மீன் தட்டு, ஒரு காலித் தட்டு என்று சொன்னார். பரிமாறுகிறவர் தயங்கினார். "ஒண்ணு போதுமா சார்?"

"தாராளம். மிஞ்சினா கட்டியும் குடுக்கணும்."

மனைவி சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தாள். அவர் தட்டில் இன்னும் பாதி இருந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துல நீங்க சாப்பிட்டு முடிக்கறதுக்காக நான் காத்திருக்கறது இப்பதான் பழக்கமாகுது. எப்பவும் நான் ரெண்டாவது வாய் வைக்கறதுக்குள்ள நீங்க எழுந்து போயிருப்பீங்க. மிச்சத்தை நான் சுவரைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவேன்."

டெக்கர் வாயில் மீன் இருந்தது. மெல்வதை நிறுத்தாமல் அவள் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேசு என்பதுபோலக் கரண்டியை ஆட்டினார்.

"இன்னிக்குக் கடையில ஒருத்தர் வந்தாருங்க" என்று ஆரம்பித்தாள் அவள். "தலை மேல கண்ணாடியை வெச்சுக்கிட்டு, கண்ணாடி தொலைஞ்சு போச்சு, புதுசு வேணும்னு..."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வாயை எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவு.